கோலி மிஷின் தகடுகள்

என் சின்ன மாமா ஒரு தொழில் தொடங்குகிறார் என்றால், எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலி தொடங்குகிறது என்று அர்த்தம். அவர் முயல் வளர்த்தபோது புல் அறுத்துப் போட்டது அம்மா. காளான் வளர்த்தபோது வைக்கோல் அவித்தது அம்மா. ஊரில் எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த வருடமாகப் பார்த்து அவர் எஸ்.டி.டி. பூத் ஒன்றை எடுத்தார். மதியம் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி எழும் வரை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்ததும் அம்மாதான்.

இவ்வளவுக்கும் மாமாவை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அவரிடம் இருந்த பெரிய தொல்லையே அதுதான். நாலு வயதில் தாயை இழந்தவர். அம்மாவுக்கு அப்போது பதினாறு. மூத்தவரான பெரிய மாமா சவூதிக்குப் போய்விட்டார். சின்னவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அம்மா தலையில் விழுந்தது. கல்யாணமாகி விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறினாளாம். அப்படி வந்தவருக்கு இருபத்து நாலு வயது ஆகியிருந்தது. இன்னமும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், தை மாதக் கடைசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் ஒரு மினி லாரி நிற்கிறது. தூத்துக்குடியில் கப்பலில் வந்த பழைய சாமான்களைப் பிரித்து விற்கும் குடோன் ஒன்றிலிருந்து மாமா இரண்டு மிஷின்களை வாங்கி வந்திருந்தார். நீளக் கால் வைத்த மேஜை, ஒரு பக்கம் சாய்வு, மேலே கண்ணாடி. உள்ளே ஓர் இரும்புக் கோலி உருண்டு வரும். கீழே விழாமல் இரண்டு பக்கமும் பித்தானை அழுத்தித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அது முட்டுகிற இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும். பின்பால் என்று மாமா சொல்லிக் கொடுத்தார். எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. கோலி மிஷின் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மாமா சவூதியிலிருந்து சின்னவருக்கு ஒரு விசா ஏற்பாடு செய்திருந்தார். ஒரு கடையின் குடோனில் வேலை. சித்திரை முடிவதற்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். மாமாவுக்குப் போக மனமில்லை. வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

“அக்கா, விருதுநகர் பொருட்காட்சியில இதுல ஒரு மிஷினை ஓட்டிக் காமிச்சிட்டேன்னு வையி, நான் இங்கனயே பொழச்சுக்கிருவேன். ஓடலையா, மறுபேச்சு பேசாம ஏரோப்ளேன் ஏறிருதேன்.”

“சரிலே. முதல்ல உள்ள தூக்கி வையி. வாசலை மறிக்குது” என்றாள் அம்மா.

என்னைக் கேட்டிருந்தால், மாமா போகவே கூடாது என்று சொல்லியிருப்பேன். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துத் திருத்தங்கல் ரோடு வரை கூட்டிப்போக வேறு யார் இருந்தார்கள்? ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் யாரும் கேட்கவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மாமாவுக்கு டி.வி. ரிப்பேர் வேலை தெரியும். வயர், மோட்டார், பல்பு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் சாமான்கள்தான் பிரச்சினை. குட்டிக் குட்டித் தூண்கள், காளான் குடை போன்ற மூடிகள், கோலி ஏறிப்போகும் சறுக்குப் பாதை, விதவிதமான வடிவத்தில் வெட்டிய ஒளி ஊடுருவும் தகடுகள். எந்த ஊரில் எத்தனை பேர் விளையாடினார்களோ, சிகரெட் புகையும் ரப்பர்த் தூளும் சேர்ந்து எல்லாவற்றிலும் கருப்பாக அப்பிக் கிடந்தது. மாமா ஒவ்வொன்றையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்து ஓரத்தை வரைந்து, எண் போட்டு, கழற்றி, ஒரு பெரிய டப்பில் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தார்.

“சும்மா லேசாக் கழுவினாப் போதும்க்கா.”

அந்த “லேசா” இரண்டு மாதம் நடந்தது. அம்மா விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தால் பிறகு உட்காருவது பெட்டி ஒட்டத்தான். பட்டாசுக் கம்பெனிக்கான அட்டைப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்குக் கட்டுக் கட்டாக வரும். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, மடித்து, ஒட்டி, லேபிள் போட்டு அடுக்க வேண்டும். சாயங்காலம் ஏஜெண்டு வேன் வந்து லோடு எடுத்துப் போகும். அதற்குப் பிறகுதான் மாமாவின் டப்பு. பழைய பல் பிரஷ், சோப்புத்தூள் கரைத்த தண்ணீர், கீறல் விழுந்த இடத்துக்குப் பற்பசை. தூண்களையும் மூடிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டு, தகடுகளை அம்மாவே வைத்துக்கொண்டாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிவிடுவாள். கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். “அம்மா” என்று கூப்பிட்டால் “ம், முழிச்சுத்தான் இருக்கேன்” என்பாள், கண்ணைத் திறக்காமல்.

நானும் சலித்துப் போனேன். வீட்டுப்பாடத்துக்கு முன்னால் பத்துத் தூண், பின்னால் பத்துத் தூண். இப்போதும் குளியலறையில் தேய்ந்த பிரஷ் ஒன்றைக் கண்டால் என் கட்டைவிரல் மரத்துப்போகிறது.

பல்புச் சூட்டில் சில தகடுகள் அப்பளம் போல வளைந்திருந்தன. அவற்றை நிமிர்த்த மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். படச்சட்டம் போடும் கடையிலிருந்து இரண்டு கண்ணாடி வாங்கி, நடுவில் தகட்டை வைத்து, மேலே செங்கல் ஏற்றி, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் வெயிலுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் குறைவில்லை. மூன்று மணிக்குள் தகடு இளகிச் சமமாகிவிடும். ஆனால் உடனே எடுக்கக்கூடாது. கண்ணாடியோடு நிழலுக்கு நகர்த்தி ஆறவிட வேண்டும். மாமா இதைக் கண்டுபிடித்தாரே தவிர, அந்த வெயிலில் செருப்பில்லாமல் படியேறி இறங்கியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தகடுகளில் பெரியவை ஒன்பது. அவற்றில்தான் படம் முழுக்க இருந்தது. ஆகாயத்தில் ராக்கெட்டு, கையில் துப்பாக்கி வைத்த ஒருவன், வெள்ளி நிறத்தில் ஏதோ கொஞ்சம் உடுத்திய ஒருத்தி. முதல் நாள் அவளைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: “இம்புட்டுப் பெரிய கப்பல்ல ஏறிப் போறாளே, இவளுக்கு உடுத்த ஒரு முழம் துணி கிடைக்கலையாக்கும்?” கேட்டுவிட்டு அவள் முகத்தில் இருந்த அழுக்கை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தாள்.

அந்தப் படங்கள் தகட்டின் அடிப்பக்கத்தில் அச்சடிக்கப்பட்டவை. மேலேயிருந்து பார்த்தால் தகட்டுக்குள்ளே தெரியும். அதனால் மேல்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் தேய்க்கலாம், அடிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மாமா அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கு இது தெரியாது. சிவகாசியில் பிறந்த பிள்ளைக்குப் படம் என்றால் அது மேலேதான் இருக்கும். தாளின் மேலே, பெட்டியின் மேலே, சுவரின் மேலே. அடியில் அச்சடிப்பவன் ஒருவன் இருப்பான் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

பொருட்காட்சி தொடங்க ஆறு நாள் இருந்தது. அன்று சனிக்கிழமை. மாமா கடை போட இடம் கேட்க விருதுநகர் போயிருந்தார். மிஷினில் விளக்கெல்லாம் எரிந்தன, மணி அடித்தது. இந்த ஒன்பது தகடுகளைப் பூட்டினால் வேலை முடிந்தது. அம்மா அவற்றை என் முன்னால் வைத்தாள். அதுவரை ஒருநாளும் அவள் அவற்றை என்னிடம் கொடுத்ததில்லை. ஓரங்களில் பசை மாதிரி ஏதோ பிசுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. சோப்புத் தண்ணீருக்கு அது அசையவில்லை என்று நான் முணுமுணுத்தேன்.

அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“கட்டிலுக்கு அடியில தின்னர் டப்பா இருக்கு. அத எடுத்துக்கோ.”

“எப்படிம்மா துடைக்க?”

“அத்தா சட்டைக்கு நான் செய்யுறதப் பாத்திருக்கேல்ல? ஊத்தி, கொஞ்ச நேரம் ஊற விட்டுட்டுத் துடை. அடிப்பக்கம் மட்டும். மேல தொடாத.”

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓர் அச்சகத்தில் மிஷின்மேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போடும் ஒரே ஒரு வெள்ளைச் சட்டையைத் தவிர மற்ற எல்லாச் சட்டையிலும் மை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா அதன் மேல் தின்னரை ஊற்றி வைத்துவிட்டு, பிறகு கசக்குவாள். நான் அதே மாதிரி செய்தேன். ஒன்பதையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, ஒன்று விடாமல் ஊற்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசினேன். திரும்பி வந்து முதல் தகட்டைத் துடைத்தபோது ராக்கெட்டு என் துணிக்கு வந்துவிட்டது. இரண்டாவதில் அவளுடைய முகம் வந்தது. பதறிப்போய் மற்றவற்றை அவசரமாகத் துடைக்கத் துடைக்க எல்லாப் படமும் ஒரே சேறாகக் குழம்பித் துணியில் இறங்கியது. கடைசியில் ஒன்பது வெறும் தகடுகள் இருந்தன. ஜன்னல் கண்ணாடி தோற்றுப்போகும், அவ்வளவு சுத்தம்.

எனக்கு அழுகை வரவில்லை. அம்மா எழுந்து வந்து பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி அடுப்படி வாளியில் போட்டாள். என் கையை எண்ணெய் தடவிக் கழுவிவிட்டாள். “போ, போயி வெளாடு” என்றாள்.

மாமா நாலு மணிக்கு வந்தார். இடம் கிடைத்துவிட்டதாம், ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே. வரும்போதே எனக்கு முறுக்கு வாங்கி வந்திருந்தார். தகடுகளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

“நான்தாம்லே துடைச்சேன். தின்னர் போட்டேன். எல்லாம் போயிருச்சு.”

மாமா ஒரு தகட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாக அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்திருப்பார். “விடுக்கா. நீ என்ன தெரிஞ்சா செஞ்ச” என்றார். அம்மா பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அண்ணனுக்குப் போன் போட்டு வாறேன்னு சொல்லிர வேண்டியதுதான்” என்றார் தகட்டைக் கீழே வைத்துவிட்டு.

“சொல்லிரு. நாளைக்கே சொல்லிரு” என்றாள் அம்மா. பிறகு, பல வருடங்களாகச் செய்யாததை, அவர் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். “அங்க வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும்லே. அண்ணன் பாத்துக்கிடுவாரு.” பரண் மேலிருந்த பெட்டியை இறக்கச் சொல்லி, தூசி தட்டி, உள்பக்கம் துடைத்து, திறந்தபடி கூடத்தில் வைத்தாள்.

நான் மூலையில் உட்கார்ந்து முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னால் மாமா போகிறார். எனக்காக அம்மா பொய் சொல்லிப் பழியை ஏற்றுக்கொண்டாள். பத்து வயதில் இரண்டும் சேர்ந்து என்னால் தாங்க முடியவில்லை. அந்த முறுக்கை நான் சாப்பிடவே இல்லை.

அத்தா வேலை விட்டு வந்தபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ஒன்பது தகடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஏன் மாப்ளே, படந்தான போச்சு? இந்த ஊருல படத்துக்கா பஞ்சம்?”

சட்டையைக்கூட மாற்றாமல் அச்சகத்துக்குத் திரும்பிப் போனார். வரும்போது அக்குளில் ஒரு பெரிய தாள் சுருள். பட்டாசு லேபிள் அச்சடிக்கும்போது கலர் சேராமல் ஒதுக்கிய தாள்கள். விரித்தால் ராக்கெட்டு வெடி, தாமரைப்பூ, கிளி, சங்குச்சக்கரம், பூச்சட்டி. காலண்டர் தாளில் மாமா வரைந்திருந்த ஓரத்தை வைத்து அத்தா பிளேடால் வெட்டினார். ராக்கெட்டு இருந்த இடத்துக்கு நம்மூர் ராக்கெட்டு. துப்பாக்கிக்காரன் இருந்த இடத்துக்கு ஒரு கிளி. உடுத்தத் துணி கிடைக்காதவள் இருந்த இடத்துக்கு, பாவாடை சட்டை போட்டு மத்தாப்பூ பிடித்திருக்கும் ஒரு பிள்ளை. மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் குதித்தேன்.

ஒட்டும்போதுதான் சிக்கல். மாமா ஒட்டியதில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று நின்றது. அத்தா ஒட்டியதில் பசை இழுவிப் படம் மங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். ஒட்டுவதற்கு அவளை விட்டால் யார்?

அம்மா மாமாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். “நடுவுல பசை படக்கூடாது. ஓரத்துல நூல் மாதிரி வச்சு இழுக்கணும்” என்றாள். உட்கார்ந்தாள். ஒன்பதையும் ஒட்டினாள். ஒன்றில்கூட ஒரு சுருக்கம் இல்லை. விரலெல்லாம் பசை என்பதால் நடுவில் ஒருமுறை தோள்பட்டையால் கண்ணைத் துடைத்தாள். “தின்னர் நெடி இன்னும் போகல” என்று அத்தா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். எனக்கு மட்டும் அது ஆனந்தக் கண்ணீர் என்று தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பொருட்காட்சியில் எங்கள் கோலி மிஷின் ஓடியது. ஓடியது என்றால், ராட்டினத்துக்கு நின்ற கூட்டம் பாதி இங்கே வந்து நின்றது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வேனில் வந்த பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இது நம்ம ஒட்டுற லேபிளுல்லா!” என்று கூவினார்கள். அதற்காகவே இரண்டு முறை விளையாடினார்கள். கோலி கிளியின் மேல் முட்டும்போதெல்லாம் அவர்கள் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் கேட்கிறது. நானும் அத்தாவும் இரண்டு நாள் போய்ப் பார்த்தோம். அம்மா வரவில்லை. பெட்டி லோடு இருந்தது.

பொருட்காட்சி முடிந்த மறுநாள் மதியம் மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. வாசலிலிருந்தே சத்தம்.

“அக்கா, நான் போகல! அண்ணன்கிட்ட பேசிட்டேன். விசாவை வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லிட்டேன்.”

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணன் என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். “சரின்னுட்டாரு” என்றார் மாமா. “கை காலைக் கழுவிட்டு வா. சோறு வைக்கேன்” என்றாள். வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருந்து பரிமாறினாள். பிறகு, கூடத்தில் வெறும் தரையில் சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டாள். பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை.

மாமா ஆட்டோவில் ஒரு சாக்கும் கொண்டு வந்திருந்தார். உதிரிக்காகப் பொருட்காட்சிக்குக் கூடவே கொண்டுபோயிருந்த இரண்டாவது மிஷினிலிருந்து கழற்றிய தகடுகள், தூண்கள், மூடிகள். அதே கருப்பு அழுக்கு. “அவசரமில்லக்கா, சும்மா லேசாக் கழுவினாப் போதும்” என்று சாக்கை அவள் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லாமல் நானே டப்பை இழுத்துப் போட்டுத் தண்ணீர் நிரப்பினேன், சோப்புத்தூள் கரைத்தேன், சாக்கைக் கவிழ்த்தேன். அந்தச் சத்தத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் உள்ளே பொத்தி வைத்திருந்ததை அவள் காதருகே போய்ச் சொன்னேன்.

“அம்மா, நீ எனக்காகப் பொய் சொன்னத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“நான் பொய் சொல்லல தாயி” என்றாள்.

இப்போதும் என்னைக் காப்பாற்றத்தான் பேசுகிறாள் என்று எண்ணிப் பூரித்துப் போனேன். வருடக் கணக்காக அத்தாவின் சட்டையில் மை போக்கியவளுக்குத் தின்னர் என்ன செய்யும் என்று தெரியாதா, அடிப்பக்கம் மட்டும் துடை என்று ஏன் சொன்னாள் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பி எங்கேயாவது போய் நன்றாக இருக்கட்டும், தான் கொஞ்சம் படுக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை அத்தாவிடம் சொன்னதில்லை, மாமாவிடம் சொன்னதில்லை. என் ஒருத்தியிடம்தான் சொன்னாள். நான் அவளைக் கைபிடித்துத் தூக்கி, டப்புக்கு முன்னால் உட்காரவைத்து, பிரஷ்ஷை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.